பத்துப் பிள்ளைகள், நாற்பது பிள்ளைகள்

(பெங்களூர் அல்சூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு விதியை வகுத்தது. ஒரு தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ அந்த வட்டாரத்தின் மொழியல்லாத வேறொரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அவர்கள் மொழியில் பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரையாவது அமர்த்த வேண்டும். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது இந்த விதிக்கு இன்னும் கொஞ்சம் வலு கிடைத்தது. ஏழாவது திருத்தத்தின் வழியாக 350ஏ, 350பி என்ற இரண்டு பிரிவுகள் அரசமைப்புச் சட்டத்தில் ஏறின. 1957 ஜூலையில் மொழிச் சிறுபான்மையினருக்கென ஓர் ஆணையர் பதவியும் வந்தது. அவருடைய அலுவலகம் அலகாபாத்தில் திறக்கப்பட்டது. பிள்ளைக்குத் தமிழ் வாத்தியார் வேண்டும் என்று முறையிட நினைத்த அல்சூர்த் தாய்க்கு அலகாபாத் என்றால் திரிவேணியில் முழுகப் போகிற ஊர். மனுக் கொடுக்கப் போகிற ஊராக அவள் அதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

விதி எண்ணிக்கையைச் சொன்னது. எண்ணுவது யார் என்பதை மக்களிடமே விட்டுவிட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளின் பெற்றோர் முன்கூட்டியே பள்ளியில் பெயர் பதிந்துகொள்ளலாம், அதற்கென்று பதிவேடு வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி ஒரு பதிவேடு உண்டு என்று அறியாத பெற்றோர் எப்படிப் பதிவார்கள்? ஒரு தெருவில் ஏழு பிள்ளைகள், அடுத்த தெருவில் ஐந்து பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டு தெருவுக்கும் நடந்து, பன்னிரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்து வாங்கித் தலைமையாசிரியர் மேசையில் வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில் அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு வெறும் அச்சு மைதான்.

மக்களைத் தேடிப் போவது, அவர்களுக்காகப் பேசுவது என்ற இரண்டு வேலைகளைப் பற்றியது இந்தச் சொற்பொழிவு. உலகில் இந்த வேலையை நெடுங்காலமாக, பல தோல்விகளோடும் சில பெரிய வெற்றிகளோடும் செய்துவந்தவர்கள் அமெரிக்காவின் ஹிஸ்பானியர்கள். 2020 கணக்கெடுப்பில் அவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 2011-இல் 21 லட்சம் பேர், 3.45 விழுக்காடு. இரண்டும் ஒரே அளவினவல்ல, ஒரே வரலாறும் அல்ல. ஆனால் அவர்கள் செய்து பார்த்தவற்றில் அல்சூருக்கு எடுத்துக்கொள்ளச் சில உண்டு, விட்டுவிடவும் சில உண்டு.

முதலில் அல்சூர். இந்த ஊர் தண்டுக்கு, அதாவது ஆங்கிலேயப் படைக் குடியிருப்புக்கு, முந்தியது. சோமேசுவரர் கோயிலும் ஏரியும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தவை. 1809 வாக்கில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு இங்கே வந்து கூடாரம் போட்டபோது, மதராஸ் ராணுவத்தோடு சிப்பாய்களும், சிப்பாய்களுக்கு அரிசி பருப்பு விற்கிறவர்களும், துணி வெளுக்கிறவர்களும், சமையல்காரர்களும், கட்டட மேஸ்திரிகளும் ஆற்காடு, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். பேட்டை ஒருபுறம், தண்டு ஒருபுறம் என்று ஊர் இரண்டாகவே வளர்ந்தது. 1881-இல் மைசூர் அரசு மகாராஜாவிடம் திரும்பியபோதும் தண்டு திரும்பவில்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் அது ஆங்கிலேய ரெசிடெண்டின் கையில் தங்கிவிட்டது. 1947 ஜூலை 26-இல்தான் மைசூர் அதை மீண்டும் பெற்றது. 1949-இல் இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. அடுத்த ஆண்டு, 1950-இல், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் பிறந்தது.

1947-ஐயும் 1950-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. 1947 வரை தண்டுத் தமிழர் தங்களைச் சிறுபான்மை என்று நினைக்க வேண்டிய அவசியமே எழவில்லை. அவர்களுக்கு மதராஸ் பக்கத்து வீடு. அதிகாரம் ஆங்கிலத்தில் நடந்தது, கடைவீதி தமிழிலும் உருதுவிலும் நடந்தது. திடீரென்று ஒரு நாள் நிர்வாகம் மைசூர் அரசின் கைக்கு மாறியது. ஆட்கள் எங்கும் நகரவில்லை. எல்லைதான் அவர்கள் மேல் நகர்ந்து வந்தது. டெக்சாஸ், கலிபோர்னியா மெக்சிகர்களும் இதையே சொல்வார்கள். 1848-இல் மெக்சிகோவுடனான போர் முடிந்து நிலம் அமெரிக்காவுக்குக் கைமாறியபோது அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, நாடு மாறிவிட்டது.

தண்டுத் தமிழரிடையே பொதுப்பணி இல்லாமல் இல்லை. அட்டாரா கச்சேரி என்று பெங்களூரே அறிந்த, இன்று உயர்நீதிமன்றம் இருக்கிற செங்கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-இல் தொடங்கிய பள்ளியின் கிளைகளில் படித்த குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அதற்கு எதிர்க்கோடியில் கோலார் தங்கவயல். சுரங்கத்தின் அடியில் இறங்கிய தமிழ்த் தொழிலாளரிடையே, அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு 1907-இல் மாரிக்குப்பத்தில் ஒரு கிளை எழுந்தது. அவர்கள் யார் வருவார் என்று காத்திருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், அச்சகம் வைத்தார்கள், புத்தகம் போட்டார்கள். சுரங்கக் குடியிருப்பின் தகரக் கொட்டகைகளுக்குள் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வசதி படைத்தவர் மேலிருந்து கொடுத்ததும், ஒடுக்கப்பட்டவர் தமக்குள்ளே கட்டிக்கொண்டதும் ஒன்றல்ல. பின்னதைத் தமிழ்ச் சங்க வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

இனி, எல்லோருக்கும் தெரிந்த கதை. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் திருவள்ளுவர் சிலை வந்து நின்றது. திறக்க முடியவில்லை. சாக்குப் படுதாவால் போர்த்தி வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி மூண்ட கலவரத்தில் பெங்களூரில் தமிழர் கடைகளும் குடிசைகளும் எரிந்தன. பல குடும்பங்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஓசூர் எல்லையைத் தாண்டின. 2000 ஜூலை 30-இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் இந்தச் சிலைத் திறப்பும் ஒன்று. வள்ளுவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறு எதுவும் இருக்க முடியாது. கடைசியில் 2009 ஆகஸ்ட் 9-இல் கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13-இல், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது.

நல்ல முடிவுதான். யாருக்கும் அதில் குறை இல்லை. ஆனால் 18 ஆண்டுகள்! பெங்களூர்த் தமிழ் அமைப்புகளின் மனு, வழக்கு, தூது, பத்திரிகைப் பேட்டி எல்லாவற்றிலும் கணிசமான பங்கை அந்தப் படுதா விழுங்கிவிட்டது. அதே 18 ஆண்டுகளில் இந்த நகரத்தின் தமிழ் வழி வகுப்புகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பிள்ளைகள் இல்லை என்று வகுப்பை மூடினார்கள். பிள்ளைகள் தெருவில் இருந்தார்கள். பதிவேட்டில் இல்லை.

வழக்காடவில்லையா என்று கேட்கலாம். வழக்காடினார்கள், வென்றும் காட்டினார்கள். வி.கே. கோகாக் தலைமையிலான குழு 1981-இல் அறிக்கை கொடுத்தது. 1982-இல் ராஜ்குமார் முன்நின்ற பெரும் கிளர்ச்சியை அடுத்து, உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல் மொழி என்று அரசு ஆணை போட்டது. அதை எதிர்த்து மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புக் குழு உயர்நீதிமன்றம் போனது. தமிழர் மட்டுமல்ல, மற்ற மொழிக்காரர்களுக்கும் சேர்த்து நடந்த வழக்கு அது. 1989 ஜனவரியில் முழு ஆயம், கன்னடத்தை மட்டுமே முதல் மொழியாகக் கட்டாயப்படுத்துவது செல்லாது என்றது. அதன்பின் அரசு திருத்தி வெளியிட்ட ஆணைகளை 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வழக்கு அங்கே நிற்கவில்லை. 1994-இல் அரசு, ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை தாய்மொழியோ கன்னடமோதான் பயிற்றுமொழி என்று இன்னோர் ஆணை பிறப்பித்தது. இது தாய்மொழிக்கு ஆதரவான ஆணைதானே என்று தோன்றும். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2014 மே 6-இல் அரசியல் சாசன ஆயம், பிள்ளையின் தாய்மொழி எது என்று சொல்லும் உரிமை பெற்றோருடையது, பயிற்றுமொழியை அரசு திணிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சிறுபான்மையினருக்குக் கிடைத்த சுதந்திரம். நடைமுறையில் அதை அனுபவித்தது ஆங்கில வழிப் பள்ளிகள். தமிழும் கன்னடமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி முடித்தபோது, மைதானத்தில் கோப்பையோடு நின்றது ஆங்கிலம். இதைத் தோல்வி என்று எந்த அமைப்பும் அறிக்கை விடவில்லை. இரு தரப்பின் தலைவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவிலும் கதை பள்ளியில்தான் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்சிகப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. கொன்சாலோ மெந்தெஸ் என்ற விவசாயியின் பிள்ளைகளை வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் குத்தகைக்கு எடுத்திருந்த நிலமோ, போர்க்கால முகாமுக்குத் துரத்தப்பட்ட முனெமிட்சு என்ற ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்துடையது. ஒரு சிறுபான்மையின் நிலத்தில் விளைந்த வருமானம் இன்னொரு சிறுபான்மையின் வழக்குச் செலவுக்கு உதவியது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து போட்ட அந்த வழக்கில் 1946-இல் தீர்ப்பு சாதகமாக வந்தது, 1947-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான புகழ்பெற்ற பிரவுன் வழக்கு முடிவதற்கு ஏழு ஆண்டு முன்பு நடந்தது இது.

1954-இல் ஹெர்னாண்டஸ் வழக்கு. டெக்சாஸின் ஜாக்சன் மாவட்டத்தில் 25 ஆண்டுகளாக மெக்சிகப் பெயர் கொண்ட ஒருவர் கூட ஜூரியில் இருந்ததாகப் பதிவில்லை. அரசு வக்கீல், மெக்சிகர்களும் சட்டப்படி வெள்ளையர்தான், பிறகு பாகுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கஸ் கார்சியாவும் கூட வந்த வழக்கறிஞர்களும் சட்டப் புத்தகத்தை மட்டும் காட்டவில்லை. வழக்கு நடந்த அந்த நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் பலகை எதுவும் கிடையாது. இன்னொன்றில் 'கறுப்பர்' என்று ஆங்கிலத்திலும், அதன் கீழே 'ஆண்களுக்கு இங்கே' என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. அந்தப் பலகை உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. மக்கள் தினம் கடந்து போகிற கழிப்பறைக் கதவைச் சான்றாக்கத் தெரிந்தவன்தான் நல்ல வக்கீல்.

ஆனால் அல்சூருக்கு நீதிமன்றங்களைவிட நெருக்கமானது சான் அன்டோனியோ நகரத்தின் மேற்குப் பகுதி. தாழ்வான நிலம், மெக்சிகக் குடும்பங்கள், மழை பெய்தால் தெருவெல்லாம் ஆறு. பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1974-இல் எர்னெஸ்டோ கோர்தெஸ் என்ற இளைஞர் தேவாலயங்களின் வழியே வீடு வீடாகப் போய், உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்டார். பெரிய அரசியல் பதில்களை அவர் எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்த பதில் சாக்கடை. அந்தப் பெண்களும் ஆண்களும் நகராட்சிக் கோப்புகளைத் தோண்டியபோது, தங்கள் தெருவுக்கான வடிகால் திட்டம் 1945-லேயே ஒப்புதல் பெற்று, பணம் மட்டும் வராமல் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கட்டிய அமைப்புக்கு 'காப்ஸ்' என்று பெயர்.

அடுத்து அவர்கள் செய்தது இன்றும் சிரிக்க வைக்கும். நகரத்தின் பெரிய துணிக்கடைக்குள் கூட்டமாகப் போய், விலையுயர்ந்த ஆடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள், எதையும் வாங்கவில்லை. பெரிய வங்கிக்குப் போய் வரிசையில் நின்று, டாலரைக் கொடுத்துச் சில்லறை வாங்கினார்கள். திரும்ப வரிசையில் நின்று, சில்லறையைக் கொடுத்து டாலர் வாங்கினார்கள். சட்டம் எதையும் மீறவில்லை, குரலும் உயர்த்தவில்லை. நகரத்தின் செல்வாக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மேசைக்கே போய் உட்கார்ந்தார்கள். மேற்குப் பகுதிக்கு வடிகால் வந்தது.

அதே ஊரில், அதே 1974-இல், வில்லி வெலாஸ்கெஸ் தென்மேற்கு வாக்காளர் பதிவு, கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். 'உன் ஓட்டு உன் குரல்' என்பது அவர் பரப்பிய முழக்கம். முழக்கம் யாருக்கும் வரும். அவர் கற்றுக்கொண்டது வேறொன்று. அதிபர் தேர்தலைப் பற்றிப் பேசினால் மக்கள் கதவைச் சாத்துகிறார்கள், தெருவில் தார் போடுவதைப் பற்றிப் பேசினால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுக்கிறார்கள். ஆகவே பள்ளி வாரியம், நகர்மன்றம் போன்ற சின்னத் தேர்தல்களில் வெல்லக்கூடிய இடங்களைக் கணக்கிட்டு, அங்கே ஆளாளாகப் பதிவு செய்தார்கள். 1988-இல் அவர் இறந்தபோது வயது 44. 1995-இல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமைப் பதக்கத்தை அவர் பெயருக்கு வழங்கினார்கள்.

1975-இல் வாக்குரிமைச் சட்டத்தில் 203-ஆம் பிரிவு சேர்ந்தது. ஒரு வட்டாரத்தில் வாக்களிக்கும் வயதுடைய குடிமக்களில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஒரே மொழிச் சிறுபான்மையாக இருந்து, அவர்களிடையே எழுத்தறிவும் குறைவாக இருந்தால், வாக்குச்சீட்டு முதல் அறிவிப்பு வரை எல்லாம் அந்த மொழியிலும் இருக்க வேண்டும். 1992-இல் 10,000 பேர் இருந்தாலும் போதும் என்று திருத்தினார்கள். இங்கேயும் எண்தான் சாவி. இந்த வழியில்தான் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இன்று வங்காளியில் வாக்குச்சீட்டு அச்சாகிறது. ஹிஸ்பானியர் திறந்த கதவில் வங்காளி நுழைந்தான்.

இதற்கு மாறான ஒரு கதையும் உண்டு. 2000 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன், அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனை, அலுவலகம் எல்லாம் ஆங்கிலம் தெரியாதவருக்கும் புரியும்படி சேவை தர வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். 2025 மார்ச் 1-இல் அதிபர் டிரம்ப், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த ஆணையோடு சேர்த்து அதை ரத்து செய்தார். ஒரு பேனா எழுதியதை இன்னொரு பேனா அடித்தது. 203-ஆம் பிரிவு சட்டம் என்பதால் அசையாமல் நிற்கிறது. நம் 1949 விதியும், மாவட்டத்திலோ தாலுகாவிலோ 15 விழுக்காடு இருந்தால் முக்கிய அறிவிப்புகளைச் சிறுபான்மை மொழியிலும் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடும் நிர்வாக ஒப்புதல்கள்தாம், சட்டங்கள் அல்ல. பெங்களூர் நகர மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011-இல் ஏறத்தாழ 15 விழுக்காடு. வாசற்படியில் நிற்கிறோம். உள்ளே கூப்பிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கன்னட அமைப்புகள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கும். இரண்டு நூறாண்டு இங்கே இருந்துவிட்டு இன்னும் கன்னட விண்ணப்பம் படிக்கத் தெரியாது என்றால் தப்பு யாருடையது? நேர்மையான கேள்வி. 1929-இல் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டியில் தொடங்கிய லுலாக், ஹிஸ்பானியரின் பழம்பெரும் அமைப்புகளில் ஒன்று. அது தன் அமைப்பு விதியிலேயே ஆங்கிலத்தைத் தன் அலுவல் மொழியாக எழுதிக்கொண்டது. இன்று அதைச் சிலர் அடிபணிதல் என்று விமர்சிக்கிறார்கள். ஆனால் அதே அமைப்பின் தலைவர் ஃபீலிக்ஸ் திஹெரினா 1957-இல் கனாடோ என்ற சிற்றூரில் ஒரு கோடைக்காலப் பள்ளி தொடங்கினார். பள்ளிக்கூடம் சேரப்போகும் ஸ்பானிய மொழிப் பிள்ளைகளுக்கு 400 ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுப்பதே அதன் வேலை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆசிரியர் சொல்வது புரியாததால் முதல் வகுப்பிலேயே தோற்று நின்ற பிள்ளைகள் தேறினார்கள். டெக்சாஸ் அரசு அதை எடுத்துத் தன் திட்டமாக்கியது.

அல்சூரில் தமிழ் கற்பிக்கிற ஆர்வம் தாராளமாக உண்டு. ஒன்றாம் வகுப்பு சேரும் தமிழ்ப் பிள்ளைக்கு நானூறு கன்னடச் சொற்கள், தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நேற்று வந்த சித்தாளுக்கு ரேஷன் கடையிலும் போலீஸ் நிலையத்திலும் பேச வேண்டிய கன்னடம் என்று எத்தனை இடங்களில் நடக்கிறது? தமிழுக்காகப் பேசுவதும் கன்னடம் சொல்லித் தருவதும் ஒரே மேசையில் நடக்க வேண்டிய வேலைகள். இரண்டையும் பிரித்தவுடன் முன்னது சண்டையாகவும் பின்னது சரணாகதியாகவும் தெரிய ஆரம்பிக்கும்.

மருத்துவத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அமெரிக்க எல்லை மாநிலங்களில் 'ப்ரொமொதோரா' என்று அழைக்கப்படும் பெண்கள் உண்டு. அதே தெருவில் வாழ்ந்து, அதே மொழி பேசி, சர்க்கரை நோய்க்கும் பிரசவத்துக்கும் வீடு தேடிப் போகிறவர்கள். நம் ஊரில் அந்த வேலையை ஆஷா பணியாளர் செய்கிறார். ஜோகுபாளையத்திலோ மர்ஃபி டவுனிலோ காலையில் ஓர் ஆஷாவின் பின்னால் நடந்து பார்த்தால் போதும். முதல் வீட்டில் தடுப்பூசித் தேதியைத் தமிழில் சொல்வார். அடுத்த வீட்டில் தெலுங்கு. மாடிப்படி ஏறினால் தக்கணி உருது. கையிலிருக்கும் பதிவேட்டை எல்லா வீட்டிலும் கன்னடத்தில் நிரப்புவார். இரும்பு மாத்திரை கசக்கிறது என்று ஒரு கர்ப்பிணி முகம் சுளித்தால், எலுமிச்சம்பழச் சாறு குடித்துவிட்டுப் போடு தாயி என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைப்பார். அவருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. நகரத்திலேயே சிறந்த மொழி நிர்வாகி அவர். கருத்தரங்குகளுக்கு அவரை அழைத்ததாகச் செய்தி இல்லை.

தனித்தனியாக மனுக் கொடுக்கிற பழக்கமும் விடவேண்டியதுதான். 1965 செப்டம்பர் 8-இல் கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் முதலில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோக்கள். முதலாளிகள் எப்போதும் பிலிப்பினோவுக்கு எதிராக மெக்சிகரையும், மெக்சிகருக்கு எதிராகப் பிலிப்பினோவையும் இறக்குவது வழக்கம். ஒரு வாரத்தில் சேசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்த்தா ஆகியோரின் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்து ஆண்டுகள் நீடித்த போராட்டம் 1970-இல் ஒப்பந்தத்தில் முடிந்தது. அல்சூரில் தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் ஒரே குழாயடியில் நிற்கிறார்கள். மொழிச் சிறுபான்மை மனு மட்டும் மூன்று உறைகளில் போகிறது.

இன்னும் புதியவர்களும் இருக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற ஒரு வதந்தி குறுஞ்செய்தியாகப் பரவி, வடகிழக்கு மாநில இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. நடைமேடைக்கே போய், போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர்களில் முஸ்லிம் பெரியவர்களும் இருந்தார்கள். 2020 மே மாதத்தில் கட்டுமான நிறுவனத்தார் சந்திப்புக்குப் பிறகு, தொழிலாளர் ஊர் திரும்பும் ரயில்களையே அரசு நிறுத்தச் சொல்லி, எதிர்ப்பு எழுந்து இரண்டொரு நாளில் முடிவை மாற்றிக்கொண்டது. 1991-இல் ஓசூர் எல்லைக்கு ஓடியவர்களின் அமைப்புகள்தான் இந்தப் புதியவர்களுக்கு முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டியவை.

கண்ணாடியைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் 2006-இன் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கிருஷ்ணகிரி, ஓசூர், தாளவாடிப் பக்கத்துக் கன்னட, தெலுங்குப் பிள்ளைகளின் பெற்றோரும் மொழிச் சிறுபான்மை அமைப்புகளும் நீதிமன்றப் படியேறினார்கள். தேர்வில் தமிழ்த் தாளிலிருந்து விலக்குக் கேட்டு அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. அல்சூரில் நாம் கேட்பதை ஓசூரில் கன்னடப் பிள்ளைக்குக் கொடு என்று சென்னையிடம் சொல்லும் தார்மிகத் துணிவு பெங்களூர்த் தமிழ் அமைப்புகளுக்கு வேண்டும். பெங்களூரில் நம் சொல் ஏறுவதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

கடைசியாக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரு வேலை. 1930-இல் அமெரிக்கக் கணக்கெடுப்பு 'மெக்சிகன்' என்பதை ஓர் இனமாகப் பதிந்தது. லுலாக்கும் மற்றவர்களும் எதிர்த்ததால் அடுத்த முறை அது நீங்கியது. பிறகு தங்களை எண்ணாவிட்டால் நிதியும் தொகுதியும் கிடைக்காது என்று புரிந்துகொண்ட அதே மக்கள், தங்களைத் தனியாக எண்ணச் சொல்லிப் போராடினார்கள். 1980-இல் எல்லா வீடுகளிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. இந்தியாவின் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. தாய்மொழி எது என்று கேட்பார்கள், தெரிந்த வேறு மொழிகளையும் கேட்பது வழக்கம். சங்கங்கள் இப்போதே தெருவுக்கு இரண்டு பேரை அனுப்பி, குறிப்பாக வேலைக்குப் போய் இரவில்தான் வீடு திரும்புகிறவர்களிடமும், கட்டட வேலைக் கொட்டகையில் தங்கியிருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று சொல்லுங்கள். மற்ற மொழிகள் என்ற கட்டத்தில் கன்னடத்தையும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கோ உருதுவோ என்றால் அவரிடமும் இதையே சொல்லுங்கள்.